சாவியைக் கொடுக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்!



வாரம் தவறாமல் இந்தப் பகுதியைப் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் முறை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி, வீடு மாறும்போது கண்ணாடிப் பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டினால் உடையாது என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. போன ஆவணியில் நாங்கள் வீடு மாறினோம். ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. ஆனால் ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய் உடைந்தது! அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் கணவரையும் 'வீட்டுக்காரர்' என்போம், வீட்டை வாடகைக்கு விட்டவரையும் 'வீட்டுக்காரர்' என்போம். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக வாடகைக்கு விட்டவரை இங்கே 'ஓனர்' என்றே எழுதுகிறேன். மற்றவர் என் வீட்டுக்காரர்தான்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது தறிதான். எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. தறிக்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மற்ற ஊர்ச் சகோதரிகளுக்குத் தெரியாது. குழித்தறி என்றால் தரையில் ஆள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கப் பள்ளம் வேண்டும். டைல்ஸ் போட்ட வீட்டில் எந்த ஓனர் பள்ளம் தோண்ட விடுவார்? "தறியா? அப்போ வேற இடம் பாருங்கம்மா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். தறி நீளத்துக்குக் கூடமும் வேண்டும், மேலே ஜக்கார்டு பெட்டி வைக்க உயரமும் வேண்டும். அதனால் ஒரு வீடு கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டோம். போன வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம்.

ஓனரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டைப் புதுப்பித்து மகனுக்குக் கொடுக்க வேண்டும், காலி பண்ணுங்கள் என்று சித்திரையிலேயே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நினைத்தவுடன் தறியைக் கிளப்ப முடியாது. பாவு முடிய வேண்டும். அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவில் இன்னும் ஒன்றரைச் சேலை பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் ஆனி போய் ஆடி வந்துவிட்டது. ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? என் மாமியார் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். ஆக ஆவணியில்தான், செப்டம்பர் முதல் வாரத்தில், நல்ல நாள் பார்த்து மாறினோம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் பார்க்கிற நல்ல நாள் வேறு, ஈ.பி. காரர் ரீடிங் எடுக்க வரும் நாள் வேறு. நம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் மீட்டர் பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு ஜூலை கடைசியில் வந்து அட்டையில் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்தது செப்டம்பர் கடைசியில். நாங்கள் போனது நடுவில். ஐந்து வாரம் நாங்கள் இருந்தோம், மீதி மூன்று வாரம் வீடு ஓனர் கையில்.

காலி செய்த அன்று ஒரே அமளி. தறி மரங்களை ஒரு மினி லாரியில் ஏற்றி, அச்சையும் விழுதையும் நூல் அறுந்துவிடாமல் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தறிக்குழியை நாங்களே மண் கொண்டுவந்து கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே சிமெண்டும் பூசிக் கொடுத்தோம். ஓனர் வந்து பார்த்தார். அட்வான்ஸ் முப்பதாயிரம் கொடுத்திருந்தோம். இருபத்தெட்டாயிரத்தை எண்ணிக் கையில் கொடுத்து, "ரெண்டாயிரம் நிக்கட்டும், கரண்ட் பில் வந்ததும் கழிச்சுட்டு மீதி தந்துடறேன்" என்றார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். மீட்டர் வாசல் பக்கச் சுவரில்தான் இருந்தது. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை!

நாங்கள் போன மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டார்கள். பழைய தரையைப் பெயர்த்து, டைல்ஸ் அறுக்கும் மெஷின், துளை போடும் மெஷின், சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்ற நாள் முழுக்க மோட்டார். ராத்திரியிலும் பெரிய விளக்குப் போட்டு வேலை நடந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். செப்டம்பர் கடைசியில் ரீடிங் எடுத்தார்கள். 640 யூனிட்! பில் மூவாயிரத்துக்கு மேல்.

என் வீட்டுக்காரர் மீதிப் பணம் கேட்கப் போனபோது ஓனர் ஒரு கணக்குச் சொன்னார். "எட்டு வாரத்துல அஞ்சு வாரம் நீங்க இருந்தீங்க. எட்டுல அஞ்சு பங்கு போட்டா ரெண்டாயிரம் சரியாப் போச்சு." அவ்வளவுதான், முடிந்தது கணக்கு. இவர் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். "பதினோரு வருஷம் பழகின மனுஷங்க, ரெண்டாயிரத்துக்காக மூஞ்சியில முழிக்காமப் போகணுமா, விடு" என்றார். விட முடியுமா சகோதரிகளே? ஒரு சேலைக்கு இவர் வாங்கும் கூலியும், அதற்குக் குனிந்து உட்காரும் நாட்களும் எனக்குத்தானே தெரியும்.

பழைய அட்டையை எடுத்துக்கொண்டு ஈ.பி. செக்ஷன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகவே பதில் சொன்னார். "ஜூலைல என்ன எண், செப்டம்பர்ல என்ன எண், இதுதாம்மா எங்ககிட்ட இருக்கு. நடுவுல நீங்க என்னைக்குப் போனீங்க, அன்னைக்கு எவ்வளவு ஓடியிருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? சர்வீஸ் ஓனர் பேர்ல இருக்கு. எங்களுக்கு அவர்தான் கணக்கு. காலி பண்ற அன்னைக்கு ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

அவரே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியதும் வயிறு இன்னும் எரிந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மாதத்துக்கு 290 யூனிட்டுக்குள் வரும். பில் அறுநூற்றறுபதைத் தாண்டாது. ஐந்து வாரத்துக்கு என்றால் 170 யூனிட் ஓடியிருக்கலாம். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த நூறுக்கு அரசு மானியம் போக யூனிட் 2 ரூபாய் 35 காசு. அந்த 170-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் 165 ரூபாய்தான்! ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 35 காசு சலுகை கிடையாது. 101-லிருந்தே யூனிட் நாலரை ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. 500-க்கு மேல் போகப் போக எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஏணி ஏறுகிறது. 500 யூனிட் எரித்தால் 1,805 ரூபாய். அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் எரித்தாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் சட்டென்று கூடிவிடும். (இது 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணத்தின்படி.) அதாவது அவர்கள் டைல்ஸ் அறுத்ததால், நாங்கள் எரித்த குண்டு பல்புக்கும் விலை ஏறிவிட்டது!

இலவச 100 யூனிட் யாருக்குச் சேரும் என்பதும் ஒரு வழக்குதான். நான் முதலில் இருந்தேன், அதனால் எனக்கு என்பேன். ஓனர் தனக்கு என்பார். நாள் கணக்குப்படி பிரிப்பதுதான் நியாயம் என்று எனக்கே இப்போது தோன்றுகிறது. அப்படிப் பிரித்து, ஏறிய விலையையே போட்டால்கூட எங்கள் பங்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். ஆனால் அதற்கு நாங்கள் எத்தனை யூனிட் எரித்தோம் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

என் சித்தி மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் போனில் புலம்பினேன். அங்கே வாடகைக்கு இருப்பவர் பெயரிலேயே கரண்ட், தண்ணீர்க் கணக்குத் திறப்பார்களாம், டெபாசிட்டும் அவரே கட்டுவாராம். காலி செய்யும் தேதியைச் சொல்லிவிட்டால் அன்றோடு கணக்கை முடித்து, டெபாசிட்டில் கழித்து மீதியைத் தந்துவிடுவார்களாம். "இங்க ஓனருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லக்கா" என்கிறான். நம் ஊரில் அநேகமாக எல்லா வாடகை வீட்டிலும் சர்வீஸ் ஓனர் பெயரில். சில வீட்டில் ஓனரின் செத்துப்போன அப்பா பெயரில்!

எங்கள் பழைய வீடும் அப்படித்தான். ஓனரின் அப்பா தவறிப் பல வருஷம் ஆகிறது. சர்வீஸ் இன்றுவரை அவர் பெயரில். இதனால் எங்களுக்கு வேறு ஒரு நஷ்டமும் உண்டு. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசமாக இருந்தது. 2023-ல் அதை 300 ஆக்கினார்கள் (விசைத்தறிக்கு 750 இருந்தது 1000 ஆனது). எங்கள் பில்லே 290-தானே? ஒரு பைசா கட்டாமல் இருந்திருக்கலாம். கேட்டபோதெல்லாம் ஓனர், "அப்பா பேர்ல இருக்கு, நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன், வம்பு" என்றுவிட்டார். அதே 2023-ல் ஜூலையில் தொடங்கி ஒரு மாதம் ஈ.பி. ஆபீஸ்களில் பெயர் மாற்றத்துக்கென்றே சிறப்பு முகாம் நடந்தது. நான் நேரில் போய்ச் சொன்னேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டுமே, தங்கைகளிடம் போய் நிற்கணுமே என்று அவர் போகவில்லை. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்கு. சொந்த வீட்டுச் சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாமனார் பெயரில் இருந்தால் அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வீட்டை விற்கும்போதும் அப்படித்தான். விற்றவர் பெயரிலேயே விட்டுவிட்டால் அவர் கட்டிய டெபாசிட்டும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல்.

நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. மின்சார வாரியத்தை 2010-ல் பிரித்து ஒரு பெயர் வைத்தார்கள், 2024-ல் மறுபடி பிரித்து வேறு பெயர் வைத்தார்கள். நமக்கு எப்போதும் 'ஈ.பி.'தான்!

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். 2022 கடைசியில் சர்வீஸ் நம்பரோடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள் அல்லவா? அப்போது வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் ஆதாரைக் கொடுக்கலாம் என்று வழி வைத்திருந்தார்கள். செத்துப்போன அப்பாவின் ஆதாருக்கு ஓனர் எங்கே போவார்? என்னிடம் வந்து நின்றார். நான் என் ஆதாரையும் செல்போன் நம்பரையும் கொடுத்தேன். வீட்டை விட்டு வந்த பிறகும் அந்த வீட்டுக் கரண்ட் பில் எனக்குத்தான் மெசேஜ் வருகிறது! அந்த 640 யூனிட்டையும் ஓனர் சொல்லி நான் அறியவில்லை, என் போனிலேயே பார்த்தேன். அடுத்த தடவையும் 500-க்கு மேல். ஏ.சி. போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. புது மருமகள் வந்திருக்கிறாள், இருக்கட்டும். முதல் இரண்டு தடவை வேடிக்கையாக இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. யார் வீட்டுச் சர்வீஸிலோ நம் ஆதார் எதற்கு? மறுபடி அதே செக்ஷன் ஆபீசுக்குப் போய், நான் அந்த வீட்டில் இல்லை, என் நம்பரையும் ஆதாரையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாடகைக்கு இருக்கும் சகோதரிகள், யார் வீட்டுச் சர்வீஸுக்கு எந்த ஆதார் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலி செய்கிற அன்றே அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா அண்ணன் ஒருவர், 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்று சொன்னார். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டுமாம். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம். என்ன சண்டை இருந்தாலும் ஓனர் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாதாம். எங்களிடம் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது? பதினோரு வருஷமும் வாய் வார்த்தைதான். அட்வான்ஸ் கொடுத்ததற்கே ஒரு சீட்டு கிடையாது.

தண்ணீருக்கு நகராட்சி வரி ஓனர்தான் கட்டினார், அதில் தொல்லை இல்லை. கேபிள் பாக்ஸை மறக்காமல் எடுத்துப்போய்ப் புது வீட்டில் மாட்டிக்கொண்டோம். கேஸ் எங்களுக்குச் சுலபமாக முடிந்தது. அதே ஊர், அதே ஏஜென்சி, அதனால் புது விலாசத்துக்குச் சான்று கொடுத்து மாற்றியதோடு சரி. சிலிண்டரைத் தறியோடு லாரியிலேயே ஏற்றிவந்துவிட்டோம்.

ஆனால் ஊர் விட்டு ஊர் போனால் கேஸ் அப்படி இல்லை. இதில் என் நாத்தனார் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் அவரும் அவர் வீட்டுக்காரரும் தறியை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள். இங்கிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அவசரத்தில் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் பக்கத்து வீட்டில், "நீங்க வச்சுக்கோங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்களும் இவர் பெயரிலேயே புக் பண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் நாத்தனார் புது கனெக்ஷன் கேட்டால், உங்கள் பெயரில் ஏற்கெனவே ஆரணியில் இருக்கிறதே என்கிறார்கள்! ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்ஷன்தானே. ஏழெட்டு மாதம் யாரிடமோ கூடுதல் விலைக்குச் சிலிண்டர் வாங்கி எரித்தார். வாங்கின கூலியில் பாதி அடுப்புக்கே போனது என்று போனில் அழுவார்.

கடைசியில் தீபாவளிக்கு வந்தபோது நானும் கூடப் போய் முடித்தோம். முறை என்னவென்றால், ஊரை விட்டுப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். கனெக்ஷன் வாங்கியபோது கொடுத்த டெபாசிட் சீட்டைக் காட்டினால், அதில் உள்ள டெபாசிட்டைத் திருப்பித் தந்து, 'டி.வி.' என்று ஒரு சீட்டுத் தருவார்கள். தொலைக்காட்சி இல்லை, டெர்மினேஷன் வவுச்சர்! அந்தச் சீட்டுதான் உயிர். அதைப் புது ஊர் ஏஜென்சியில் கொடுத்து, இங்கே திருப்பி வாங்கிய அதே தொகையை அங்கே கட்டினால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் தருவார்கள். அடுப்பும் ரப்பர் குழாயும் நம்முடையது, அதைக் கொடுக்க வேண்டாம். சிலிண்டரில் மிச்சமிருக்கும் கேஸுக்குப் பணம் தரமாட்டார்கள். அதனால் போகிற மாதம் புது சிலிண்டர் புக் பண்ணிவிடாதீர்கள்.

பழைய கனெக்ஷன்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஏனென்றால் 2022 ஜூனில் சிலிண்டர் டெபாசிட்டை 1,450-லிருந்து 2,200 ஆக்கிவிட்டார்கள், ரெகுலேட்டருக்கு 150 இருந்தது 250 ஆனது. டி.வி. சீட்டு இருந்தால் பழைய டெபாசிட்டிலேயே ஓடும். விட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் இன்றைய விலை. நாத்தனாருக்குச் சீட்டும் கிடைத்தது, பக்கத்து வீட்டு அம்மாவுடன் சண்டையும் கிடைத்தது. "ஓசியில கொடுத்துட்டு இப்போ பிடுங்கறா" என்று அந்த அம்மா தெருவில் நின்று பேசினார். நம் பொருளை ஒருவரிடம் விட்டுவிட்டுப் போனால் அது அவர் பொருளாகிவிடுகிறது, என்ன செய்வது!

இப்போது எங்கள் புது வீட்டுக்கு வருகிறேன். சேவூர் போகும் வழியில் பழைய ஓட்டு வீடு. ஓனர் ஒரு வயதான அம்மா, தனியாக இருக்கிறார். அவருடைய அப்பாவும் நெசவாளர் என்பதால் குழி தோண்டச் சந்தோஷமாகவே சம்மதித்தார். பால் காய்ச்சிய அன்று எனக்கு மீட்டர் நினைவு வரவில்லை. செக்ஷன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம்தான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். இந்த டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், கவனித்திருக்கிறீர்களா? முதலில் வந்ததைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து மகனிடம் காட்டினேன். எட்டாவது படிக்கிறான். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, இது இன்னைக்குத் தேதிம்மா!" அடுத்து வந்தது மணி, அதற்கடுத்தது வோல்ட். 'கே.டபிள்யூ.எச்.' என்று பக்கத்தில் வருகிற எண்தான் நாம் எரித்த யூனிட். காற்றுப் புள்ளிக்கு முன்னால் இருப்பதை எழுதினால் போதும்.

அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ஓனரம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். "என்னாம்மா, இப்போதான் வந்தே, அதுக்குள்ள போறதுக்குக் கணக்கா?" என்று சிரித்தார். பழைய வீட்டுக் கதையைச் சொன்னதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வாடகை வாங்கும்போதும் அதே நோட்டில் இப்போது எழுதித் தருகிறார். மகன் மாதா மாதம் ஒன்றாம் தேதி மீட்டரைப் படம் பிடித்து என் போனில் வைக்கிறான். பூட்டிய வீட்டில் மீட்டர் உள்ளே இருந்து, ரீடிங் எடுக்க வருபவர் பார்க்க முடியாமல் போனால் பழைய கணக்கை வைத்து உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். அதற்கும் இந்தப் படம் உதவும் என்று அந்த ஆபீஸ் அம்மா சொன்னார்.

பழைய ஓனரிடம் அந்தப் பணத்தை நான் மறுபடி கேட்கவில்லை. மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். போனோம், மொய்யும் எழுதினோம். கூடம் டைல்ஸ் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது. குழி இருந்த இடம் எதுவென்று என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது, காலால் தட்டிக் காட்டினார்.

இந்த வீட்டில் சர்வீஸ் ஓனரம்மா பெயரிலேயே இருக்கிறது. கைத்தறிக்கான அந்த 300 யூனிட் சலுகைக்கு அவர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தறி ஓடுகிறது என்று கைத்தறித் துறையிலிருந்து சான்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை போய் வந்தார், ஒரு நாள் போனால் ஒரு நாள் தறி நிற்கிறது. வாடகை வீட்டில் தறி வைத்துக்கொண்டு இந்தச் சலுகையை வாங்கிய நெசவாளர் வீட்டுச் சகோதரிகள் காஞ்சிபுரத்திலோ, சேலத்திலோ, திருபுவனத்திலோ இருப்பீர்கள். எத்தனை நாள் ஆனது, என்னென்ன தாள் கேட்டார்கள் என்று இந்தப் பகுதிக்கு ஒரு வரி எழுதுங்களேன். வாரா வாரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

- ஒரு நெசவாளர் மனைவி, ஆரணி.